உள்ளங்கை அளவுப் பிடிப்பும் ஒரு பொத்தானும்

1983 இறுதியில் இந்தியச் சாலைகளுக்கு வந்த மாருதி 800 காரின் தொடக்கக் கால எஞ்சின் 40 குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. ஒரு தலைமுறையே அதில்தான் கார் ஓட்டக் கற்றது. இன்று நடுத்தரக் குடும்பங்கள் தவணையில் வாங்கும் கார்களிலேயே 100 குதிரைத்திறன் இயல்பாகிவிட்டது. 200-ஐத் தாண்டும் மின்கார்கள் உள்நாட்டிலேயே தயாராகின்றன. உரிமம் பெற்ற சில மாதங்களுக்குள் இருபது வயதுகூட நிரம்பாதவர்கள் அவற்றின் ஓட்டுநர் இருக்கையில் அமர்கிறார்கள்.

அவர்களுடன் பேசும்போது நேரெதிரான இரண்டு நம்பிக்கைகளைக் காண்கிறேன். ‘டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறது, இந்தக் கார் வழுக்காது’ என்பது ஒன்று. ‘அதை அணைத்துவிட்டு ஓட்டுவதே உண்மையான திறமை’ என்பது மற்றொன்று. இரண்டும் அந்தத் தொழில்நுட்பம் என்ன செய்கிறது என்பதை அறியாததால் பிறந்தவை. இந்த அறியாமைக்கு விலை அதிகம். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அந்த மரணங்களில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவானது.

பிடிப்பு ஒரு வருமானம்: ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். ஒன்றரை டன் எடையுள்ள வாகனம் அப்படிப்பட்ட நான்கு உள்ளங்கைகளை நம்பியே ஓடுகிறது. வேகம் எடுக்கவும், நிறுத்தவும், திரும்பவும் தேவைப்படும் விசை முழுவதும் அந்த நான்கு இடங்களிலிருந்தே கிடைக்க வேண்டும். இதை ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தோடு ஒப்பிடலாம். ஒரு செலவுக்குப் போனது போக மிஞ்சுவதுதான் அடுத்ததற்கு. வளைவில் திரும்புவதற்கே பிடிப்பின் பெரும்பகுதி செலவாகும் வேளையில் முடுக்கியை அழுத்தி மிதித்தால் கையிருப்பு தீர்ந்துபோகும். அந்தக் கணத்தில் டயர் உருளுவதை விட்டுச் சறுக்கத் தொடங்கும்.

சறுக்கும் டயர் பக்கவாட்டில் தாங்கும் வலுவைப் பெருமளவு இழந்துவிடும். முன்சக்கரங்களால் இயங்கும் காராக இருந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போக முயலும். பின்சக்கரங்களால் இயங்கும் காராக இருந்தால், பின்பகுதி வெளிப்பக்கம் வீசப்பட்டு வண்டியே சுழலக்கூடும். ஆற்றல் மிகுந்த காரில் இது நேர்வதற்குக் காலின் சிறு அசைவே போதும். மின்காரில் இன்னும் கவனம் தேவை. அதன் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் சக்கரத்துக்கு அனுப்பக்கூடியது.

கணினி செய்வது என்ன? ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் அதன் சுழற்சி வேகத்தை அளக்கும் உணரி ஒன்று இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்புக்கும் இதே உணரிதான். எஞ்சினால் இயக்கப்படும் சக்கரம் மற்றவற்றைவிட அளவுக்கு மீறி வேகமாகச் சுழன்றால், அது தரையைப் பற்றாமல் வழுக்குகிறது என்று கணினி புரிந்துகொள்கிறது. உடனே எஞ்சினின் ஆற்றலைக் குறைக்கிறது. தேவையானால் வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கும் போடுகிறது. இழுவைக் கட்டுப்பாடு என்பது இவ்வளவுதான். அது புதிதாகப் பிடிப்பு எதையும் உண்டாக்குவதில்லை. ஓட்டுநர் கேட்கும் விசையை, டயரால் தரமுடிந்த அளவுக்குக் குறைக்கிறது.

இதன் அடுத்த படி, இஎஸ்சி எனப்படும் நிலைப்புக் கட்டுப்பாடு. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அது ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தாதபோது குறிப்பிட்ட ஒரு சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து வண்டியை வழிக்குக் கொண்டுவர முயல்கிறது. 1995-இல் மெர்சிடிஸ் நிறுவனத்தின் உயர்வகைக் கார்களில் இது அறிமுகமானது. 1997-இல் அதே நிறுவனத்தின் சிறிய காரான ஏ-கிளாஸ், தடையைத் தவிர்த்துத் திடீரெனத் திரும்பும் சோதனையொன்றில் ஸ்வீடனில் கவிழ்ந்தது. அதன் பின்னர் அந்த மாடல் கார்கள் அனைத்திலும் இது பொருத்தப்பட்டது. இந்தியாவில் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ‘பாரத் என்கேப்’ மதிப்பீட்டில், மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற வேண்டுமானால் இந்த வசதி இருந்தாக வேண்டும்.

எங்கே கைவிடும்? ஐம்பது மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த, நல்ல தார்ச்சாலையில் மணிக்கு 70 கி.மீ. வேகம் வரை டயர்கள் தாக்குப்பிடிக்கின்றன என்றால், மழையில் பிடிப்பு பாதியாகும்போது அந்த எல்லை 50-க்கு இறங்கிவிடும். அங்கே 65-இல் நுழைபவரைக் காப்பாற்ற எந்த மென்பொருளாலும் இயலாது. நிறுத்துவதற்கும் இதே கணக்குதான். வேகம் இரு மடங்கானால் நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். பிடிப்பு பாதியானால் அந்தத் தூரம் மீண்டும் இரட்டிப்பாகும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து வழுவழுப்பான படலமாகின்றன. தேய்ந்த டயரும் சேர்ந்துகொண்டால் கணினி பகிர்ந்தளிக்க அங்கே எதுவுமே மிஞ்சாது.

அப்படியானால் இந்த அமைப்பு பயனற்றதா? இல்லை. ஒரே வாகனம் சிக்கும் உயிர்ப்பலி விபத்துகளின் அபாயத்தை நிலைப்புக் கட்டுப்பாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்பது அமெரிக்க ஆய்வுகளில் உறுதியானது. அதே வேளையில், 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாடகைக் கார்களை வைத்து நடந்த ஆய்வையும் மறக்கக் கூடாது. ஏபிஎஸ் பொருத்திய கார்களின் விபத்துகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அவற்றின் ஓட்டுநர்கள் கூடுதல் துணிச்சலுடன் ஓட்டியதே அதற்கு விளக்கமாகச் சொல்லப்பட்டது. கருவி ஈட்டித் தரும் பாதுகாப்பை மனிதர்கள் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட முடியும்.

பொத்தானை எப்போது அழுத்தலாம்? ஃபார்முலா 1 பந்தயங்களில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் 1994-இல் தடைசெய்யப்பட்டு, 2001-இல் அனுமதிக்கப்பட்டு, 2008-இல் மீண்டும் விலக்கப்பட்டது. இதைச் சுட்டிக்காட்டி, ‘வீரர்கள் அது இல்லாமல்தானே ஓட்டுகிறார்கள்’ என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. போட்டியில் ஓட்டுநரின் திறமை வெளிப்பட வேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்ட முடிவு அது. பந்தயத் தடத்தில் எதிரே லாரி வராது. குழந்தை குறுக்கே ஓடாது. தடம் மாறிய காரைத் தாங்க வெற்றிடமும் தடுப்புகளும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வேகத்தின் எல்லையை அறிய விரும்புவோருக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. தலைக்கவசத்தோடும் பயிற்சியாளரோடும் அங்கே கற்கட்டும்.

பொதுச் சாலையில் அந்தப் பொத்தானுக்கு ஓரிரு நியாயமான தேவைகளே உண்டு. மணலிலோ சேற்றிலோ சக்கரம் புதைந்து, சற்றுச் சுழன்றால்தான் வெளியேற முடியும் என்ற நிலை அதில் முதன்மையானது. வெளியே வந்ததும் மீண்டும் இயக்கிவிட வேண்டும். மற்ற நேரங்களில் கவனிக்க வேண்டியது, டயர்த் தடங்களுடன் கார் வரையப்பட்ட மஞ்சள் விளக்கை. அது மினுக்கினால், பிடிப்பின் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். முடுக்கியிலிருந்து காலைப் பதற்றமின்றித் தளர்த்தி, போக வேண்டிய திசையில் பார்வையை நிறுத்தி ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், அமைப்பு அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது பழுதடைந்திருக்கிறது.

இதையெல்லாம் இளைஞர்களுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்? நம் உரிமத் தேர்வு, குறைந்த வேகத்தில் வண்டியை வளைத்துத் திருப்பும் திறனோடு நின்றுவிடுகிறது. பயிற்சிப் பள்ளிகள் கிளட்சையும் கியரையும் கற்றுத்தருகின்றன. ஈரச் சாலையில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கற்றுத்தருவதில்லை. சாவியை ஒப்படைக்கும் விற்பனையாளர், தொடுதிரையை விளக்கச் செலவிடும் நேரத்தில் பத்து நிமிடத்தை இந்த மஞ்சள் விளக்குக்கு ஒதுக்கலாம். உரிமத் தேர்வின் எழுத்துப் பகுதியில் பிடிப்பு குறித்து இரண்டு கேள்விகளைச் சேர்ப்பதற்கு அரசுக்குச் செலவேதும் ஆகாது. மகனுக்கோ மகளுக்கோ கார் வாங்கித்தரும் பெற்றோர், குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் டயரின் நிலையைக் குனிந்து பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும். எஞ்சினின் ஆற்றல் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். தரையைத் தொடும் அந்த நான்கு உள்ளங்கைகள் அந்த அளவுக்கு வளரப்போவதில்லை.