எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும்?

பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்டிஎம்எல் நடத்தி முடித்ததும், நம் மாவட்டத்தின் தொன்மைச் சின்னங்களைப் பற்றி ஒரு வலைத்தளம் உருவாக்கும் செயல்திட்டத்தை மாணவர்களுக்குக் கொடுத்தேன். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் கோட்டை என நான்கு குழுக்கள். என் மடிக்கணினியில் எல்லாப் பக்கங்களும் அழகாகத் தெரிந்தன. கண்காட்சி நாளன்று பென்டிரைவில் எடுத்துச் சென்று ஆய்வகக் கணினியில் திறந்தால், எழுத்துகள் மட்டுமே இருந்தன. ஒரு படம்கூட வரவில்லை. இரண்டு வாரம் உழைத்த பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. தவறு அவர்களுடையது அல்ல. கோப்புகளை எப்படி அடுக்க வேண்டும் என்பதை நான்தான் சொல்லித் தரவில்லை.

படங்கள் எங்கே போயின?

படங்கள் என் கணினியின் டி டிரைவில் இருந்தன. பக்கங்களில் அந்த முழு முகவரியையே எழுதியிருந்தோம். பென்டிரைவில் சென்றவை பக்கங்கள் மட்டுமே. ஆய்வகக் கணினி தன்னுடைய டி டிரைவில் தேடியது. அங்கே எதுவும் இல்லை.

நூலகம் எங்கே என்று கேட்கும் மாணவனிடம், "இதே தாழ்வாரத்தில் அடுத்த அறை" என்கிறோம். மாவட்டம், ஊர், தெரு எல்லாம் சொல்வதில்லை. வலைப்பக்கத்துக்கும் அதுதான் முறை. செயல்திட்டம் முழுவதும் ஒரே கோப்புறைக்குள் இருக்க வேண்டும். "பக்கத்திலுள்ள படங்கள் கோப்புறையில் இந்தப் படம்" என்று வழி எழுத வேண்டும். இதைச் சார்பு முகவரி என்கிறோம். கோப்புறையை எங்கே தூக்கி வைத்தாலும் இந்த வழி மாறாது.

விக்கிப்பீடியாவின் உள்ளே

பெரிய வலைச் செயலிகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன? நாம் அனைவரும் அறிந்த தமிழ் விக்கிப்பீடியாவையே எடுத்துக்கொள்வோம். 2003-இல் தொடங்கிய அதை இயக்கும் மென்பொருளின் பெயர் மீடியாவிக்கி. பன்னிரண்டாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரும் பதிவிறக்கித் திறந்து பார்க்கலாம்.

முதன்மைக் கோப்புறையில் 'இண்டெக்ஸ்' என்ற பிஎச்பி கோப்பு இருக்கும். இதுதான் பள்ளியின் நுழைவாயில். வாசகரின் கோரிக்கை இதன் வழியே உள்ளே வருகிறது. வேலை செய்யும் நிரல்களில் பெரும்பகுதி 'இன்குளூட்ஸ்' கோப்புறையில் உள்ளது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பவை 'ஸ்கின்ஸ்' கோப்புறையில். கூடுதல் வசதிகளுக்கான நிரல்கள் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' கோப்புறையில். பதிவேற்றும் படங்களுக்கு 'இமேஜஸ்' என்று தனிக் கோப்புறை. கட்டுரைகளோ இந்தக் கோப்புறைகள் எதிலும் இல்லை. அவை தரவுத்தளத்தில் இருக்கின்றன.

இவற்றில் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது 'லாங்குவேஜஸ்' கோப்புறை. அதற்குள் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கோப்பு உண்டு, தமிழுக்கும் உண்டு. பக்கத்தின் மேலே நாம் பார்க்கும் 'தொகு', 'உரையாடல்' போன்ற சொற்களை இத்தகைய கோப்புகளிலிருந்துதான் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. சொல் வேறு, நிரல் வேறு என்று பிரித்து வைத்ததால், பிஎச்பி ஒரு வரிகூடத் தெரியாத தமிழார்வலர் மொழிபெயர்ப்பில் பங்கேற்க முடிகிறது. அவர் ஒரு சொல்லை மாற்றினால் வேறு எதுவும் பழுதாவதில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளின் விக்கிப்பீடியாக்களை ஒரே மென்பொருள் தாங்குவதற்கு இந்தப் பிரிவினை ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு கோப்பும் முக்கியமானது. 'லோக்கல் செட்டிங்ஸ்' என்ற அதில்தான் தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருக்கும். நாம் பதிவிறக்கும் தொகுப்பில் இது வராது. நிறுவும்போது அவரவருக்கெனத் தனியாக உருவாகும். அறிவிப்புப் பலகையை எல்லோரும் பார்க்கலாம். வினாத்தாள் கட்டு பூட்டிய பீரோவில்தானே இருக்கிறது? மாணவர்கள் தம் நிரலை இணையத்தில் பகிரும்போது கடவுச்சொல் உள்ள கோப்பை நீக்கிவிட்டே பகிர வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இப்போது எந்தச் செயல்திட்டத்தையும் நான் இப்படித்தான் தொடங்குகிறேன்:

1. ஒரு செயல்திட்டத்துக்கு ஒரு கோப்புறை. அதில் முகப்புப் பக்கம். உள்ளே பக்கங்கள், படங்கள், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என நான்கு கோப்புறைகள்.

2. கோப்புறை, கோப்புகளின் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இன்றி. விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொதுவாகப் பொருட்படுத்தாது. லினக்ஸ் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். வலைத்தளங்களைத் தாங்கும் வழங்கிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குபவை.

3. கேமரா தந்த எண்ணையே படத்துக்குப் பெயராக விடக்கூடாது. இடத்தின் பெயரும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும்.

4. எந்தக் கோப்பு எதற்கு என்று பத்து வரியில் ஒரு குறிப்புக் கோப்பு.

5. கோப்புறையை முழுதாக வேறொரு கணினிக்கு மாற்றித் திறந்து பார்த்த பிறகே மதிப்பெண்.

தொடக்க, நடுநிலை வகுப்புகளில் கணினி இல்லாமலே இதைக் கற்பிக்கலாம். படம், கதை, பாடல், கணக்கு என்று எழுதிய முப்பது அட்டைகளைக் கலந்து கொடுத்து, நான்கு உறைகளில் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு பிரித்த குழுவை விட்டு அடுத்த குழுவிடம், "மயில் பாடலை எடு" என்று கேளுங்கள். அடுக்கியவர் அல்லாத ஒருவர் உடனே எடுத்துவிட்டால் அடுக்கியது சரி.

பெரிய வகுப்புக்கும் சோதனை இதுவேதான். பிள்ளைகள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். கலந்தாய்வில் நாமும் இடம் மாறுவோம். செய்த வேலை அடுத்து வருபவர் கைக்குப் புரிய வேண்டும். சென்ற ஆண்டு புதிதாக வந்த மாணவர்கள் குறிப்புக் கோப்பைப் படித்துவிட்டு, திருமயம் கோட்டைப் பக்கத்தில் புதிய படங்களைத் தாங்களே சேர்த்தார்கள். என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. மற்ற மூன்று பக்கங்களும் அப்படியே இருந்தன.