மாட்டுப் பொங்கலும் மாட்டின் வயிறும்

தை பிறந்தால் கால்நடை மருத்துவர்களுக்கு வேலை கூடிவிடுகிறது. மாட்டுப் பொங்கல் அன்று வீட்டுக்கு வீடு பொங்கலும் பழமும் ஊட்டுகிறார்கள். மறுநாள் காலை சில மாடுகள் எழுந்திருப்பதில்லை. "கண்ணு பட்டுடுச்சு" என்கிறோம். காரணம் கண்ணு இல்லை, அன்போடு கொடுத்த சோறு.

மாட்டின் வயிற்றில் நாலு அறைகள். அதில் பெரியது அசையூண் வயிறு. நன்கு வளர்ந்த கலப்பின மாட்டில் அது 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும் தொட்டி. வைக்கோலைச் செரிப்பது உண்மையில் மாடு அல்ல, அந்தத் தொட்டிக்குள் வாழும் நுண்ணுயிர்கள். ஜீவாமிர்தம் கலக்கிப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும். அவை நாரைப் புளிக்கவைத்து வெளியிடும் அமிலங்கள்தான் மாட்டுக்கு முக்கியமான சக்தி.

ஆனால் அமிலம் அளவுக்கு மீறினால் அந்த நுண்ணுயிர்களே செத்துப்போகும். தொட்டியின் பி.எச். ஏறக்குறைய 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதைக் காப்பது எச்சில். பெரிய மாடு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கிறது. ஆப்ப சோடாவில் உள்ள அதே பைகார்பனேட் அதில் இருக்கிறது. நார்த்தீவனம் தின்ற மாடு தினமும் 6 முதல் 8 மணி நேரம் அசைபோடும். சும்மா படுத்து மெல்லுதுன்னு நினைக்கிறோம். அது அமிலத்தை முறிக்கிற வேலை. ரத்தத்துக்குள் போகும் அமிலத்தை நுரையீரலும் சிறுநீரகமும் கவனித்து, ரத்தத்தின் பி.எச்.-ஐ 7.4-ஐ ஒட்டியே வைத்திருக்கின்றன.

வெளியே எது மாறினாலும் உடல் உள்ளே நிலை மாறாமல் காப்பதற்கு 'ஹோமியோஸ்டேசிஸ்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன். 1932-ல் அவர் எழுதிய நூலின் தலைப்புக்கு 'உடலின் ஞானம்' என்று பொருள்.

அந்த ஞானத்துக்கும் எல்லை உண்டு. சோற்றை மெல்ல வேண்டியதில்லை, அதனால் எச்சில் குறைவு. மாவுச்சத்தோ வேகமாகப் புளிக்கும். லாக்டிக் அமிலம் பெருகி பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால் நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. உப்பு போட்ட மாங்காயிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற மாதிரி, உடம்பிலிருக்கும் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. மாடு வறண்டு, கண் குழிவிழும்.

எங்கள் ஊரில் கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு ஒரு சினை மாட்டுக்கு வைத்தார்கள். மறுநாள் அது அசைபோடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. சாணி கூழாகிப் புளித்த நாற்றம். "அஜீரணம்தான், தானா சரியாயிடும்" என்று ஒரு நாள் போனது. மருத்துவர் வரும்போது மாடு படுத்துவிட்டது. மாடும் போச்சு, வயித்துல இருந்த கன்னும் போச்சு.

திருவிழா ஒரு நாள். அடர்தீவனம் தினமும் நடக்கிறது. நான் வங்கியில் பார்த்த கறவை மாட்டுக் கடன் அறிக்கைகளில் தீவனச் செலவுக்கு இடம் இருக்கும், அசைபோடும் நேரத்துக்கு இருக்காது. பால் கூட வேண்டும் என்று நாரைக் குறைத்து அடர்தீவனத்தைக் கூட்டினால், அமிலம் மெல்ல மெல்லச் சேரும். பாலில் கொழுப்பு குறையும், குளம்பு வலித்து மாடு நொண்டும். பால் கூடியும் விலை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியவை எளியவை. முதலில் வைக்கோலோ சோளத்தட்டோ வயிறு நிறையப் போடுங்கள். அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்து வையுங்கள். தீவனத்தை மாற்றுவதானால் இரண்டு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். படுத்து ஓய்வெடுக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோடுகின்றனவா என்று தினமும் பாருங்கள்.

மாடு சோற்றையோ தானியத்தையோ அதிகமாகத் தின்றுவிட்டது தெரிந்தால், நோய் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரை அழையுங்கள், நம் மாநிலத்தில் 1962-க்கும் கூப்பிடலாம். ஆப்ப சோடா எவ்வளவு என்பதை அவரே சொல்லட்டும். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

இந்தத் தைக்கு, பொங்கலில் ஒரு கைப்பிடி மாட்டுக்குப் போதும். பாக்கியை நாம் சாப்பிடுவோம்.