வர்தா புயலுக்குப் பெயர் வைத்தது யார்?

2016 டிசம்பர் 12ஆம் தேதியை வண்டலூர், தாம்பரம் பகுதி மக்களாகிய நாம் எளிதில் மறக்க முடியாது. அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லாமல் நாட்கணக்கில் தவித்தோம்.

ரோஜா என்று பொருள்படும் அந்தப் பெயரைக் கொடுத்த நாடு பாகிஸ்தான். இந்திய, பாகிஸ்தான் எல்லையில் கடும் பதற்றம் நிலவிய அதே ஆண்டில் இது எப்படி நடந்தது?

1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தனர். உரிய எச்சரிக்கை கடலோர மக்களைச் சென்றடையவில்லை. புயலுக்கு எல்லை கிடையாது என்பதை உணர்ந்து, 1972இல் ஐ.நா. அமைப்புகளின் துணையுடன் வங்கக் கடல், அரபிக் கடல் நாடுகளுக்கான புயல் குழு உருவானது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, மியான்மர், தாய்லாந்து, மாலத்தீவு, ஓமன், ஈரான், சவூதி அரேபியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் என 13 நாடுகள் இன்று அதில் உள்ளன.

இந்நாடுகள் வானிலைத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. டெல்லியில் உள்ள இந்திய வானிலை ஆய்வு மையம் அவற்றை ஆராய்ந்து, புயலின் பாதையையும் வேகத்தையும் அனைவருக்கும் அறிவிக்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால், உறுப்பு நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து வரிசைப்படி பெயர் சூட்டப்படுகிறது. இம்முறை 2004இல் தொடங்கியது. 2020இல் வெளியான புதிய பட்டியலில் நாட்டுக்கு 13 வீதம் 169 பெயர்கள் உள்ளன.

இதனால் என்ன பலன்? 2020 மே மாதம் மேற்கு வங்கத்தையும் வங்கதேசத்தையும் தாக்கிய அம்பன் மிகக் கடுமையான புயல். முன்னெச்சரிக்கை கிடைத்ததால் லட்சக்கணக்கானோர் முன்பே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். இறந்தோர் இரு நாடுகளிலும் சேர்த்து இருநூறைத் தாண்டவில்லை. ஒவ்வோர் உயிரிழப்பும் துயரமே. ஆனாலும் 1970உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

எச்சரிக்கை வருவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தும், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நீர்வழிகளைச் சீர்செய்வது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

நம் பங்கும் இருக்கிறது. குடும்ப அட்டை, பத்திரங்கள், மருந்துகளை ஒரே பையில் தயாராக வைப்போம். நம் தெருவில் நடக்க முடியாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது டெல்லிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்களான நமக்குத்தான் தெரியும்.