ஆற்றங்கரையில் புதிய வீடமைப்பு: சுற்றாடல் பாதிப்பு எவ்வாறு ஆராயப்படுகிறது?

பரமட்டா ஆற்றங்கரையில் அடுக்குமாடிக் குடியிருப்பு அமைக்க விண்ணப்பம் கிடைத்திருப்பதாகக் கவுன்சில் அனுப்பும் கடிதத்தை, விளம்பரம் என எண்ணி எறிந்துவிடுவோர் உளர். முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது எனக் கருதி ஒதுக்கிவிடுவோரும் உளர். அக்கடிதம் முடிவுக்கு முன்னரே அனுப்பப்படுகிறது. அயலவர் கருத்தைக் கேட்பதே அதன் நோக்கம்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இவ்விடயத்தை ஆளுவது 1979ஆம் ஆண்டின் சுற்றாடல் திட்டமிடல் மற்றும் மதிப்பீட்டுச் சட்டமாகும். கட்டடத்தால் விளையக்கூடிய பாதிப்புகள், அந்நிலம் அதற்கு ஏற்றதா என்பது, பொதுமக்களின் கருத்துரைகள், பொதுநலன் ஆகியவற்றைக் கவனத்தில் எடுக்குமாறு அதன் 4.15ஆம் பிரிவு பணிக்கிறது. விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் சுற்றாடல் விளைவு அறிக்கை, விண்ணப்பதாரரின் செலவில் தயாரிக்கப்படுவது. ஆகவே அதனைக் கவுன்சில் அலுவலர் சரிபார்ப்பர். அதே கண்ணோடு அயலவரும் வாசிப்பது நன்று.

முதலில் வெள்ளம். டூன்காபி ஓடையும் டார்லிங் மில்ஸ் ஓடையும் கலந்து பரமட்டா ஆறு உருவாகிறது. கனமழையின்போது அதன் நீர்மட்டம் விரைவாக உயரும். அறிக்கைகளில் காணப்படும் 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல், நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்ற மயக்கத்தைத் தருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அது நிகழ்வதற்கான வாய்ப்பு 1 வீதம் என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் செலுத்தி முடிப்பதற்குள் ஒருமுறையேனும் அது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 26 வீதம். அதாவது நான்கில் ஒன்று. புதிய கட்டடத்தின் தளம் உயரமாக இருந்தால் மட்டும் போதாது. நிலத்தை மண்ணிட்டு உயர்த்தினால், அங்கு தேங்க வேண்டிய நீர் அடுத்த வளவுக்குச் செல்லும். வீதி நீரில் மூழ்கும்போது முதியோரும் குழந்தைகளும் எவ்வழியாக வெளியேறுவர் என்பதற்கும் அறிக்கையில் விடை இருத்தல் வேண்டும்.

அடுத்தது மண். கடலோதம் எட்டும் கரைகளில் அமில சல்பேற்று மண் காணப்படலாம். நீருக்கடியில் அது தீங்கற்றது. நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்காகத் தோண்டும்போது காற்றுப் பட்டுச் சல்பூரிக் அமிலத்தை உண்டாக்கும். அவ்வமிலம் மீன்களைக் கொல்லும், கொங்கிறீற்றையும் அரிக்கும். பழைய தொழிற்சாலைக் காணிகளில் வேறு நஞ்சுகளும் தங்கியிருக்கலாம். இன்று அடுக்குமாடிகள் நிறைந்த றோட்ஸ் பகுதியில் முன்பு இரசாயன ஆலைகள் இருந்தன. அங்கிருந்து டையொக்சின் ஹோம்புஷ் குடாவின் படிவுகளில் சேர்ந்தது. நிலம் துப்புரவாக்கப்பட்ட பின்னரே வீடுகள் எழுந்தன. எனினும் சிட்னி துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கப்படும் மீன், இறால், நண்டு எதனையும் உண்ண வேண்டாம் என்ற அறிவுரை தொடர்கிறது. ஆற்றங்கரையில் தூண்டில் போடும் குடும்பங்கள் இதனை அறிந்திருப்பது அவசியம்.

கரையோரக் கண்டல் மரங்களை அனுமதியின்றி வெட்டுவது 1994ஆம் ஆண்டின் மீன்வள முகாமைத்துவச் சட்டப்படி குற்றமாகும். ஆற்றங்கரையிலிருந்து 40 மீற்றருக்குள் வேலை செய்வதற்குப் பொதுவாக நீர் முகாமைத்துவச் சட்டத்தின்கீழ்த் தனியான ஒப்புதலும் தேவை.

கருத்துரை எழுதுவதற்குக் குடியுரிமையோ சொந்த வீடோ தேவையில்லை. வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். வீட்டின் விலை குறையும் என்ற வாதத்துக்குத் திட்டமிடல் சட்டத்தில் வலு மிகக் குறைவு. "சென்ற மழையில் எமது பின்வளவில் முழங்காலளவு நீர் நின்றது" என்று திகதியுடனும் படத்துடனும் எழுதும் ஒரு வரி அதைவிடப் பயன்தரும். ஒரே வாசகத்தைப் பலர் கையொப்பமிட்டு அனுப்புவதிலும், ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தம் சொற்களில் எழுதுவதே மேல்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் நிலம் மற்றும் சுற்றாடல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி வழங்கப்பட்டால், அதன் தகுதியை எதிர்த்து மேன்முறையிடும் உரிமை, சில வகைத் திட்டங்கள் தவிர, அயலவருக்குப் பொதுவாக இல்லை. ஆதலால் கடிதத்திலுள்ள இறுதித் திகதியைத் தவறவிடலாகாது. தமிழில் விளக்கம் வேண்டுவோர் 131 450 என்ற இலக்கத்தை அழைத்து, உரைபெயர்ப்பாளர் மூலம் கவுன்சிலின் திட்டமிடல் அலுவலருடன் பேசலாம். அழைக்கும்போது கடிதத்திலுள்ள விண்ணப்ப இலக்கத்தைக் கையில் வைத்திருக்கவும்.