வாசலோரச் செடிகளை இனங்காணும் முறை

மழைக்காலம் தொடங்கியதும் மதிலோரம், கிணற்றடி, காலி மனை எங்கும் குப்பைமேனியும் மூக்கிரட்டையும் கீழாநெல்லியும் முளைத்துவிடுகின்றன. இவற்றை இனங்காணப் பலரும் நம்புவது இலையின் தோற்றத்தை. ஆனால் ஒரே வகைச் செடி நிழலில் அகன்ற இலை விடும், வெயிலில் சிறுத்த இலை விடும். இலை தண்டில் பொருந்தியிருக்கும் விதமும் பூ, காய்களின் அமைப்பும் அப்படி எளிதில் மாறுவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, தண்டில் இலை முளைக்கும் இடமான கணு. கணுவுக்கு ஓர் இலை இருந்தால் அது மாற்றிலை அடுக்கம். குப்பைமேனியில் இதைக் காணலாம். நாயுருவி, தும்பை, மூக்கிரட்டை ஆகியவற்றில் இரண்டிரண்டு இலைகள் எதிரெதிரே நிற்கும். மூக்கிரட்டையில் அந்த இரண்டில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. தரையில் படரும் செடிகளுக்கு நடுவே அதைப் பிரித்தறிய இந்த ஒரு குறியே பெரிதும் உதவும். அரளியில் கணுவுக்கு மூன்று இலைகள்.

அடுத்தது, கண்ணில் படுவது தனி இலையா, கூட்டிலையின் சிற்றிலையா என்ற கேள்வி. இதைக் கற்றுக்கொள்ளக் கீழாநெல்லியைவிடச் சிறந்த செடி இல்லை. மேலிருந்து பார்த்தால் அதன் சிறுகிளை, புளிய இலையைப் போல இருபுறமும் வரிசையாகச் சிற்றிலைகள் கொண்ட கூட்டிலையாகவே தோன்றும். திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில், இலைகளின் காம்படியில், கடுகளவுப் பூக்களும் உருண்டைக் காய்களும் தொங்கும். சிற்றிலையின் அடியில் மொட்டோ பூவோ வராது. முழு இலை தண்டோடு சேரும் கோணத்தில்தான் வரும். ஆகவே கூட்டிலைபோல் தெரிந்தது உண்மையில் ஒரு கிளை. கீழாநெல்லியின் காய் வழுவழுப்பானது, குட்டையான காம்புடையது. அதை ஒத்த இன்னோர் இனத்தில் தண்டு செம்மையோடியிருக்கும். காய் காம்பின்றி ஒட்டி, சொரசொரப்பாக இருக்கும். இதைக் காணக் கைலென்ஸ் ஒன்று போதும்.

தண்டும் பல சேதிகள் சொல்லும். துளசி, தும்பை ஆகியவற்றின் தண்டு நான்கு பட்டையானது. விரலிடையே உருட்டினாலே தெரியும். அம்மான் பச்சரிசியைக் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் படக்கூடாது.

கடைசியாகப் பூ. வெட்டுக்காயப்பூண்டின் நீண்ட காம்பின் நுனியில் இருப்பது ஒற்றைப் பூ அல்ல. நடுவில் மஞ்சளாக நெருங்கியிருப்பவை தனித்தனிச் சிறு பூக்கள். ஓரத்து வெள்ளை இதழ் ஒவ்வொன்றும் ஒரு பூ. சூரியகாந்திக் குடும்பத்தின் அடையாளம் இது. அதே குடும்பத்தது பார்த்தீனியம். 1950களில் புனே பகுதியில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய இந்த அமெரிக்கக் களை, தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். இதை வெறுங்கையால் தொடாமல் பார்த்தறிவதே நல்லது.

பெயரை உறுதிசெய்யக் கைபேசிச் செயலிகள் உதவும். ஆனால் கணு, இலையின் அடிப்புறம், பூ ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுத்துத் தர வேண்டும். ஆழமாக அறிய விரும்புவோருக்கு, தாவரவியலாளர் கேம்பிள் 1915இல் வெளியிடத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவரத் தொகுதி இன்றும் பயன்படுகிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் உலர்த்திப் பாடம்செய்த மாதிரிகள் உள்ளன.

கணு, பூ, காய் மூன்றையும் பார்த்து உறுதிசெய்யாத எந்தச் செடியையும் மருந்துக்குப் பறிக்கக் கூடாது.