பெயர் தெரியாத இரும்பு பேசும்!

மாணவர்களே, பாகான் டத்தோ பக்கம் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா, பாட்டி உங்களுக்கு உண்டா? அவர்கள் வீட்டுக் கொட்டகையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். தேங்காய் மட்டைக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவே பெயர் தெரியாத பொருள் ஏதாவது கிடக்கும். பல் சக்கரம் பூட்டிய உருளை, ஒரு பக்கம் விளிம்பு உயர்ந்த சின்னச் சக்கரம், தண்டில் எண்கள் எழுதிய மிதவை. பழைய இரும்பு வாங்க வருபவருக்கு அவை இத்தனை கிலோ, அவ்வளவுதான். எடை போட்டு ஏற்றிவிட்டால் அவற்றின் கதையும் லாரியில் ஏறிப் போய்விடும். அதற்கு முன் நல்ல படம் ஒன்று எடுத்தால், அந்தப் பொருள் என்னவென்று நாமே கண்டுபிடிக்கலாம்.

துப்பறிய ஒரு விதி போதும். "இது எதைப் போல இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "இது என்ன வேலை செய்தது?" என்று கேளுங்கள்.

அளவு இல்லாத படம் அரைப் படம்

பொருளுக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில், அளவு தெரிந்த ஒன்றை வையுங்கள். 2012 முதல் புழக்கத்தில் உள்ள நம் 20 சென் நாணயத்தின் விட்டம் 20.6 மில்லிமீட்டர். படத்தில் நாணயம் 50 பிக்சலும் உருளை 1,480 பிக்சலும் இருந்தால், உருளையின் நீளம் 1,480 ÷ 50 × 20.6 = 609.8 மி.மீ. அதாவது ஏறக்குறைய 24 அங்குலம். ஆனால் கவனம்! நாணயத்தை ஒரே ஒரு பிக்சல் கூடுதலாக எண்ணினாலும் விடை 12 மி.மீ. பிசகும். பெரிய பொருளுக்கு நாணயம் போதாது. அளவு நாடாவை நீட்டி வையுங்கள்.

மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் படம் எடுங்கள். துருவுக்குள் எழுத்து மறைந்திருந்தால் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேடும் பள்ளமும் நிழல் விழுந்து எழுத்து தெரியும். இரும்போடு சேர்ந்து புடைத்து நிற்கும் எண், வார்ப்பு அச்சிலேயே இருந்தது. அதே அச்சில் வார்த்த எல்லாவற்றிலும் அது இருக்கும். குத்தி அழுத்திய எண் பெரும்பாலும் அந்த ஒரு பொருளுக்கு மட்டும் உரியது.

பற்களை எண்ணுங்கள்

உருளை இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு இரும்பு உருளைகள், ஓரத்தில் இரண்டு பல் சக்கரங்கள், சுற்றக் கைப்பிடி. இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் பற்கள் இருந்தால், உருளைகள் ஒரே வேகத்தில் சுற்றும். உள்ளே போவது கிழியாமல் தட்டையாகும். ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் கலந்து உறையவைத்த கட்டியை இப்படித்தான் நீர் பிழிந்து தகடாக்கினார்கள். உருளையில் வரிவரியாகப் பள்ளம் இருந்தால் அது கடைசி இயந்திரம். தகட்டில் விழும் வரிகள் அதன் பரப்பைக் கூட்டும். புகைக்கூடத்தில் விரைவாக உலரும்.

பற்களின் எண்ணிக்கை வேறுபட்டால்? ஓர் உருளை வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுற்றும். ரப்பர் இழுபட்டுக் கிழிந்து சுருக்கம் விழும். அது தகடு செய்யும் இயந்திரம் அல்ல. கிரேப் ரப்பர் செய்யும் இயந்திரம். இரண்டு எண்களை ஒப்பிட்டதும் விடை கிடைத்துவிட்டது, பார்த்தீர்களா?

உலகின் மிகப் புகழ்பெற்ற மர்மப் பொருள் ஒன்றையும் இதே வழியில்தான் அறிந்தார்கள். கிரேக்க நாட்டின் அந்திகித்தேரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் அரித்துப்போன வெண்கலக் கட்டி ஒன்று கிடைத்தது. வயது ஏறத்தாழ 2,000 ஆண்டு. அதை உடைத்துப் பார்க்க முடியாது. 1970களில் டெரெக் பிரைஸ் என்ற ஆய்வாளர் ஊடுகதிர்ப் படங்களில் பல் சக்கரங்களை எண்ணினார். 2005இல் எடுத்த இன்னும் நுட்பமான முப்பரிமாணப் படங்களைக் கொண்டு, பெரிய சக்கரம் ஒன்றுக்கு 223 பற்கள் என்று உறுதி செய்தார்கள். 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை கிரகணங்கள் அதே வரிசையில் திரும்ப வரும். அந்தக் கட்டி கிரகணங்களை முன்கூட்டிச் சொல்லும் கருவி!

மரையும் தேய்மானமும்

பழைய போல்ட்டு கிடைத்தால் அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்று எண்ணுங்கள். 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த பிரிட்டிஷ் முறையில், அரை அங்குலப் போல்ட்டுக்கு 12 மரை, பள்ளத்தின் கோணம் 55 பாகை. அதே பருமனுள்ள அமெரிக்கப் போல்ட்டுக்கு 13 மரை, கோணம் 60 பாகை. இயந்திரம் எந்த நாட்டு முறையில் செய்யப்பட்டது என்பதற்கு மரையே சாட்சி.

தேய்மானமும் சாட்சிதான். ஒரு பக்கம் விளிம்பு உயர்ந்து, நடுப்பகுதி வழவழப்பாகத் தேய்ந்த சக்கரம் தண்டவாளத்தில் ஓடியது. தெலுக் இந்தானுக்கு அருகே உள்ள ஜென்டராத்தா தோட்டத்தில் இத்தகைய சிறு ரயில்கள் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்வதுண்டு. 1906இல் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் பொறியாளர் தொடங்கிய நிறுவனத்தின் தோட்டம் அது. கடலோரத்து இளகிய மண்ணில் லாரிச் சக்கரம் புதையும். தண்டவாளமோ பாரத்தைப் பரப்பித் தாங்கும்.

கூலியைச் சொன்ன மிதவை

அடி பருத்து, தண்டு மெலிந்த மிதவைதான் மெட்ரோலாக். பசும்பாலைச் சோதிக்கும் பால்மானியின் உறவுக்காரர், ஆனால் நேர் எதிராக நடப்பவர். பசும்பாலில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும். பால்மானி கீழே இறங்கும். ரப்பரோ நீரைவிட இலேசானது. எனவே ரப்பர் மிகுந்த பாலில் மெட்ரோலாக் ஆழமாக இறங்கும்; தண்ணீர் கலந்தால் மேலே எழும். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி, ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அளந்தார்கள். தண்டில் உள்ள எண்கள், ஒரு காலன் பாலில் எத்தனை பவுண்டு உலர்ந்த ரப்பர் என்பதைச் சொல்லும். விடியுமுன் எழுந்து பால் வெட்டியவரின் அன்றைய கணக்கு அந்த எண்ணில் இருந்தது.

தொடவே கூடாதது

1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியப் படை ஊத்தான் மெலிந்தாங் பகுதியில் கரையிறங்கியது. அந்தப் போரின் வெடிக்காத குண்டுகள் நம் நாட்டு மண்ணில் இன்னும் அவ்வப்போது கிடைக்கின்றன. முனை கூம்பி, வால் துடுப்போடு, துருப்பிடித்த கனத்த உருளையைக் கண்டால் தட்டாதீர்கள், புரட்டாதீர்கள், கழுவாதீர்கள். படம் எடுக்கவும் நெருங்க வேண்டாம். விலகி நின்று பெரியவர்களிடம் சொல்லி 999க்கு அழையுங்கள். துருப்பிடித்ததால் வெடிமருந்து செத்துவிடாது.

கடைசிச் சாட்சி

எல்லாம் பார்த்தும் விடை வரவில்லையா? படத்தைப் பாட்டியிடம் காட்டுங்கள். "இது என்ன?" என்று மட்டும் கேட்டால் மறந்துவிட்டது என்பார். "இதை எப்படிப் பிடிப்பீங்க? இதுக்கு முன்னாடி என்ன வேலை, பின்னாடி என்ன வேலை?" என்று கேளுங்கள். கை அசையத் தொடங்கும். பெயரும் கூடவே வரும். மங்கு, ஒட்டுப்பால், காண்டா வாளி என்று அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரும்பு துருப்பிடித்து முழுதும் அழியப் பல ஆண்டுகள் ஆகும். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் நினைவு அவ்வளவு காலம் காத்திருக்காது. எனவே முதலில் பாட்டியிடம் போங்கள். கொட்டகைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.