தகவல் துளி: ஒல்லியான பிள்ளைக்கும் சர்க்கரை வரலாம்

சர்க்கரை நோய் நாற்பது வயதைத் தாண்டிய, உடல் பருத்தவர்களுக்குத்தான் வரும் என்று பலரும் நினைக்கிறோம். நம் பக்கத்துப் புனேயில் நடந்துவரும் நீண்டகால ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியிருக்கிறது.

1993 முதல் புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர், ஆறு கிராமங்களின் தாய்மார்கள் கர்ப்பகாலத்தில் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு உழைத்தார்கள் என்று குறித்துவைத்தார்கள். பிறந்த 700-க்கும் மேற்பட்ட குழந்தைகளை 6, 12, 18 வயதுகளில் பரிசோதித்தார்கள். பிறந்தபோது சராசரி எடை சுமார் 2.7 கிலோதான். கை கால் மெலிந்திருந்தும், தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

18 வயதில், ஆண்களில் 37 சதவீதம், பெண்களில் 18 சதவீதம் பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்பைவிட உயர்ந்திருந்தது. அவர்களில் பலர் ஒல்லியானவர்கள். குழந்தைப் பருவத்திலேயே அதன் அறிகுறி ரத்தத்தில் தெரிந்தது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் நேயர்களே, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், கல்லூரி போகும் பிள்ளை ஒல்லியாக இருந்தாலும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பிள்ளையின் உடல்நலம் கருவிலேயே தொடங்குவதால், கர்ப்பிணிக்குக் கீரை, பருப்பு, பால், பழம் குறைவில்லாமல் கொடுங்கள்.